வலி எடுத்த பிறகு யார் கூட இருப்பது?

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள். இன்று ஒரு பிரிவு, நாளை மறு பிரிவு என்று முறை வைத்துச் சேர்த்ததால், எங்கே போய்ச் சேருவோம் என்பது வலி எடுத்த நாளைப் பொறுத்தது. 1841 முதல் 1846 வரையிலான ஆறு ஆண்டுகளில் முதல் பிரிவில் 100 தாய்மாருக்கு ஏறக்குறைய 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலால். இரண்டாவது பிரிவில் 4 பேருக்கும் குறைவு. யாரும் எழுதிக் காட்டாமலே ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. இன்றைக்கு முதல் பிரிவின் முறை என்று தெரிந்ததும் மண்டியிட்டுக் கெஞ்சியவர்கள் உண்டு. தெருவிலேயே பெற்றுவிட்டு வருவது மேல் என்று நினைத்தவர்களும் உண்டு. 1847இல் அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைப் பிடித்தார். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவர் விதி செய்தார். 1848இல் முதல் பிரிவின் இறப்பு 1.27 சதவீதம், இரண்டாவது பிரிவில் 1.33.

கை கழுவுவதன் பெருமைக்காகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. வியன்னாப் பெண்கள் மருத்துவச்சியைத் தேர்ந்தது சரியான முடிவு. ஆனால் அது சரியாக இருந்ததற்கு மருத்துவச்சிகளின் கைத்திறன் காரணமில்லை. அவர்கள் பிணவறைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கை சுத்தமானதும் இரு பிரிவும் சமமாகிவிட்டன. பிரசவம் பார்ப்பவரின் பட்டத்தை மட்டும் வைத்துத் தாயின் உயிரைக் கணக்கிட முடியாது. அவர் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் இருக்கிறார், தன் கையை மீறும்போது யாரிடம் ஒப்படைக்கிறார் என்பவைதான் கணக்கை மாற்றுகின்றன. டாக்டரா, மருத்துவச்சியா என்று எதிரெதிரே நிறுத்திக் கேட்கும் கேள்வியே பழுதானது. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு, நன்றாகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் தொடர்ந்த கவனிப்பு மிக நல்ல தேர்வு. ஆனால் அவருக்குப் பின்னால் அறுவை அரங்கும் ரத்த வங்கியும் எட்டும் தூரத்தில் இருக்கும்வரைதான் அந்த வார்த்தை செல்லும். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகவே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மருத்துவச்சி என்றதும் நம் மனதில் எழுவது ஊரில் பிரசவம் பார்த்த வயதான பெண்மணியின் உருவம். பல ஊர்களில் அவர் நாவிதர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தார். பிரசவம் தீட்டு; ரத்தமும் நஞ்சுக்கொடியும் தொடக்கூடாதவை. ஆகவே அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, நெல்லோ சேலையோ கூலியாகக் கொடுத்து அனுப்பினார்கள். அறிவு கேட்கும் ஒரு தொழிலைச் சாதிக் கடமையாக்கியதால், அதைப் படித்துச் செய்ய வேண்டிய தொழிலாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் தாமதமாகவே வந்தது. சட்டம் முந்திக்கொண்டது. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியரைப் பதிவு செய்யும் சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. இன்று உலக அளவில் மருத்துவச்சி என்றால், கர்ப்ப காலப் பரிசோதனை, பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு மூன்றையும் முறையாகப் படித்து, உரிமம் பெற்று, சிக்கலை இனம்கண்டு மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்தவர் என்று பொருள். இந்தியாவில் 2018 டிசம்பரில் மத்திய அரசு இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பதிவுபெற்ற செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனைகளுக்குள்ளேயே மருத்துவச்சியர் நடத்தும் பிரசவப் பிரிவுகளை அமைப்பது திட்டம். தெலங்கானா அதற்கு முன்பே, 2017இல், ஹைதராபாத்தின் பெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து இந்த வழியில் இறங்கியிருந்தது. மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சிசேரியனில் பிறப்பதே அந்த அவசரத்துக்குப் போதுமான காரணம்.

இப்படிப்பட்ட ஒருவரால் பிரசவ அறையில் என்ன மாறும்? இதைப் புரிந்துகொள்ள வலியின் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். கருப்பை சுருங்குவதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். பயமும் பதற்றமும் கூடினால் சுரக்கும் அட்ரினலின் அந்தச் சுருக்கத்தைத் தடுமாற வைக்கும். இது மென்மையான மனம் படைத்தவர்களுக்கு மட்டும் நேரும் சங்கதியில்லை. மற்ற பாலூட்டும் விலங்குகளிலும் இதைக் காணலாம். அடுத்தது நேரம். 1950களில் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன் பிரசவத்தின் போக்கை வரைபடமாக்கினார். அதிலிருந்து மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது கருப்பை வாய் திறக்க வேண்டும் என்ற விதி பிரசவ அறைகளில் நிலைத்துவிட்டது. திறப்பு மெதுவானால் ஊசி, ஊசிக்குப் பின் கூடிய வலி, கூடிய வலிக்குப் பின் குழந்தையின் துடிப்பில் சந்தேகம், சந்தேகத்துக்குப் பின் ஆபரேஷன் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இந்த விதியைத் தளர்த்தியது. பல பெண்களுக்குத் திறப்பு அதைவிட மெதுவாகவே நடக்கிறது. தீவிர வலிக் கட்டத்தை 5 சென்டிமீட்டரிலிருந்து கணக்கிட வேண்டும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் தலையிடக் கூடாது என்றது. குழந்தையின் துடிப்பை இயந்திரம் வைத்து இடைவிடாமல் பதிவு செய்வதும் அப்படியே. சுமார் 37,000 பெண்களை உள்ளடக்கிய ஆய்வுத் தொகுப்பு, அது பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பைப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் இறப்பையோ மூளை முடக்குவாதத்தையோ குறைக்கவில்லை. சிசேரியனைக் கூட்டியது. சிக்கல் இல்லாதவருக்கு, குறித்த இடைவெளியில் ஒருவர் காதால் கேட்டுக் கணக்கு வைப்பதே போதும். கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே நிபந்தனை.

ஆள் என்ற அந்தச் சின்னச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வலி நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்த 20க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிசேரியன் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் இன்னொரு சிகிச்சையைப் பிரசவ மருத்துவத்தில் சொல்வது கடினம். மருந்தாக இருந்திருந்தால் காப்புரிமை எடுத்திருப்பார்கள். ஒரே நேரத்தில் பல கட்டில்களைக் கவனிக்க வேண்டிய மருத்துவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. அவருடைய பயிற்சி கோளாறைத் தேடிப் பிடிக்கவும் கத்தி எடுக்கவும் கொடுக்கப்பட்டது. மருத்துவச்சியின் பயிற்சியில் பெரும்பகுதி, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்பதை உறுதிசெய்துகொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சும்மா இருப்பது எளிது என்று நினைப்பவர்கள் வலியில் கத்தும் ஒருவரின் பக்கத்தில் எட்டு மணி நேரம் இருந்து பார்க்கலாம்.

உடல்நலம் உள்ளவர்களும் படித்தவர்களும் மருத்துவச்சியைத் தேடிப் போகிறார்கள், அதனால்தான் பலன் நன்றாகத் தெரிகிறது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான சந்தேகம். இதைத் தீர்க்கத்தான் குலுக்கல் முறையில் பெண்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்த பரிசோதனைகள் இருக்கின்றன. 2016இல் வெளியான காக்ரன் தொகுப்பாய்வு, 15 பரிசோதனைகளில் பங்கேற்ற 17,674 பெண்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின்வரை தெரிந்த மருத்துவச்சியே கவனித்த குழுவில் குறைமாதப் பிரசவம் 24 சதவீதம் குறைந்திருந்தது. ஆயுதம் போட்டு எடுப்பதும் முதுகில் போடும் வலி மருந்தும் குறைந்திருந்தன. சிசேரியனில் வேறுபாடு இல்லை. 2024இல் அதே ஆய்வைப் புதுப்பித்தபோது எண்கள் அடங்கிவிட்டன. இயல்பான பிரசவம் 66 சதவீதத்திலிருந்து 70க்கு உயர்கிறது, சிசேரியன் 16இலிருந்து 15க்கு இறங்குகிறது. குறைமாதப் பிரசவத்தில் முன்பு கண்ட பெரிய பலன் தெளிவாகத் தெரியவில்லை. மருத்துவச்சியரை ஆதரிக்கும் பல கட்டுரைகள் இன்னும் 2016ஆம் ஆண்டின் எண்ணையே தூக்கிப் பிடிக்கின்றன. அது சரியில்லை. பலன் இருக்கிறது, ஆனால் அடக்கமானது. தீங்கு கூடவில்லை, தலையீடு குறைகிறது, கவனிப்பைப் பற்றித் தாய்மார் கூடுதல் திருப்தியோடு பேசுகிறார்கள். இவ்வளவே உறுதியாகச் சொல்லக்கூடியது. இதுவே குறைந்ததும் இல்லை.

அடுத்த ஆட்சேபம் கனமானது. சுகப்பிரசவம் என்பது முடிந்த பிறகு வைக்கும் பெயர். காலையில் சிக்கலற்றவராக இருந்தவர் மாலையில் உயிருக்குப் போராடலாம் என்பார்கள் மகப்பேறு மருத்துவர்கள். உண்மை. நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு கருப்பை சுருங்கவில்லை என்றால் ஒரு தாய் சில மணி நேரத்திலேயே ரத்தம் இழந்து இறக்கலாம். பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 85 போல் தாமாகவே அழும்; ஏறத்தாழ 10 குழந்தைகளைத் துடைத்துத் தட்டிவிட வேண்டும்; சில குழந்தைகளுக்கு முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். ஆனால் இந்த உண்மை மருத்துவச்சிக்கு எதிரான வாதமாகாது. இவற்றைச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பெயரே பொருந்தும். குழந்தை பிறந்த நொடியில் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுபவர் அவர். 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வைப் பாருங்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். ரத்தத்தை அளக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்ப்பது, மருந்து, சொட்டு நீர் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் ஆகியவை சேர்ந்த விகிதம் 4.3 சதவீதத்திலிருந்து 1.6ஆக விழுந்தது. அந்த மருத்துவமனைகளில் இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவச்சியர். இயற்கை, இயற்கை என்று சொல்லிக்கொண்டு ஊசி வேண்டாம் என்பவரை மருத்துவச்சி என்று யாராவது அறிமுகப்படுத்தினால், அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

இங்கே இடம் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் சிக்கல் குறைந்த 64,538 பெண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வு இதில் தெளிவான விடை தருகிறது. மருத்துவமனை வளாகத்தில் உள்ள மருத்துவச்சிப் பிரிவிலோ தனியான மருத்துவச்சி மையத்திலோ பெற்றவர்களின் குழந்தைகளுக்கு, மருத்துவர் பிரிவில் பிறந்தவற்றைவிடக் கூடுதல் ஆபத்து இல்லை. தாய்க்குச் சிசேரியன் 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்குப் பக்கமாக வந்தது. ஆனால் முதல் பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டவர்களுக்குக் குழந்தைக்கான மோசமான விளைவு ஆயிரத்துக்கு 9.3, மருத்துவர் பிரிவில் 5.3. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் 45 சதவீதம் கடைசியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. உரிமம் பெற்ற மருத்துவச்சியரும் அழைத்தவுடன் வரும் ஆம்புலன்சும் உள்ள நாட்டிலேயே நிலைமை இது. யூடியூப் பார்த்து, பதிவே இல்லாத ஒருவரை வைத்துக்கொண்டோ யாருமே இல்லாமலோ வீட்டில் பெற்றுக்கொள்ளும் போக்கு தமிழ்நாட்டிலும் தலைகாட்டியிருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன. மருத்துவச்சியைத் தேர்வதோடு அதை ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது, ஓட்டுநர் உரிமத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதையும் ஒன்றாக்குவது போன்றது.

மருத்துவச்சியர் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளிலேயே கடினமானது, மருத்துவச்சியரின் தாயகம் போல் பேசப்படும் இங்கிலாந்திலிருந்துதான் வந்தது. மோர்கம்பே பே பகுதியில் ஃபர்னஸ் பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவைப் பற்றி 2015இல் வெளியான விசாரணை அறிக்கை, 11 குழந்தைகளும் ஒரு தாயும் தவிர்த்திருக்கக்கூடிய மரணத்துக்கு ஆளானதாகச் சொன்னது. அதற்கான காரணங்களில் ஒன்று, மருத்துவச்சியரில் சிலர் எப்பாடுபட்டாவது இயல்பான பிரசவம் என்று பிடிவாதமாக நின்றது. இன்னொன்று, அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே பேச்சே இல்லாமல் போனது. 2022இல் ஷ்ரூஸ்பெரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கை, கவனிப்பு சரியாக இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது. அங்கே குறைந்த சிசேரியன் விகிதம் பெருமைக்குரிய எண்ணாக மதிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, சிசேரியன் விகிதத்தை மருத்துவமனையின் தரத்துக்கு அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டது. இந்த அறிக்கைகளைப் படித்த பிறகும் மருத்துவச்சியரை ஆதரிக்க முடியுமா என்றால், முடியும் என்றே நினைக்கிறேன். வியன்னாவில் மருத்துவர்களைக் கெடுத்தது எதுவோ அதுதான் இங்கே மருத்துவச்சியரையும் கெடுத்தது: தங்கள் கை சுத்தம் என்ற நம்பிக்கை. இரு சாராரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்க முடியாத இடத்தில் எந்தப் பட்டமும் தாயைக் காப்பாற்றாது. அதனால்தான் ஒரு மருத்துவச்சி எத்தனை சுகப்பிரசவம் பார்த்தார் என்ற எண்ணைவிட, எத்தனை பேரைச் சரியான நேரத்தில் மாற்றி அனுப்பினார் என்பதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சங்கதி, நமக்கு ஒத்துவருமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. காக்ரன் தொகுப்பின் பரிசோதனைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் நடந்தவை என்பது மெய். ஆனால் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. சென்னை மாகாணம் மருத்துவச்சியர் சட்டத்தை நிறைவேற்றிய அதே 1926இல் இலங்கை களுத்துறையில் தன் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியது. ஊர் ஊராக ஒரு குடும்பநல மாது (அங்கே ஊர் மருத்துவச்சிக்கு இப்படிப் பெயர்), ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர், வீடு தேடிப் போய்க் கர்ப்பிணியைப் பதிவு செய்து, பிரசவத்துக்குப் பிறகும் வந்து பார்க்கும் ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 போல் இருந்த தாய் இறப்பு, இந்த நூற்றாண்டில் 30, 40 என்ற அளவில் நிற்கிறது. மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி, சாலை, இலவச மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. குடும்பநல மாதுவுக்கு மட்டும் மாலை போட முடியாது. இன்று அவர் தாமே பிரசவம் பார்ப்பதும் அரிது. இலங்கையில் பிள்ளைகள் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. அவர் செய்வது தெரிந்த முகமாக இருப்பதும், ரத்த அழுத்தம் ஏறும்போது உரிய இடத்துக்கு அனுப்புவதும்தான். ஆனால் 1751க்கும் 1900க்கும் இடையே தாய் இறப்பை லட்சத்துக்கு 900இலிருந்து 230ஆகக் குறைத்த ஸ்வீடனிலும், ஆன்டிபயாடிக்கும் ரத்தமேற்றுதலும் வருவதற்கு முன்னால் வேலை செய்த இயந்திரம் ஊர் மருத்துவச்சியர் படைதான்.

தமிழ்நாட்டின் பிரச்சினை வேறு. இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும், 99 சதவீதத்துக்கும் மேல், மருத்துவ நிலையங்களில்தான் நடக்கிறது. அது சாதாரண சாதனையில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. அதற்கு முந்தைய ஆய்வில் மொத்தம் 34.1 ஆக இருந்தது. ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு உயிர் பிழைப்பு கூடுவதாகத் தெரியவில்லை என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 194 நாடுகளைப் பார்த்த இன்னோர் ஆய்வு அந்த வரம்பை 19 சதவீதம்வரை நீட்டியது. எந்த வரம்பை எடுத்தாலும் நாம் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறோம். பெண்களே கேட்கிறார்கள், ஜோசியர் நேரம் குறித்துக் கொடுக்கிறார் என்பார்கள். கேட்பவர்கள் உண்டு, கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் இடையே ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசத்தை ஜோசியர் மட்டும் உண்டாக்கிவிட முடியாது. வலியில் தனியே கிடப்போம், திட்டு வாங்குவோம் என்ற பயம் அந்த வேண்டுகோளில் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவில் பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் பணிச் செவிலியர்தான். பெயர்ப்பலகையில் இல்லாத மருத்துவச்சி அவர். கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு வருபவர் கிராம சுகாதாரச் செவிலியர், பிரசவம் பார்ப்பவர் வேறொருவர், பிறகு வந்து பார்ப்பவர் மறுபடியும் முதலாமவர். கைகள் எல்லாம் இருக்கின்றன. நூல்தான் அறுபட்டுக் கிடக்கிறது. புதிய பயிற்சித் திட்டம் அந்த நூலைக் கட்டினால் பயன். இன்னொரு பதவியை மட்டும் உண்டாக்கினால் செலவு.

ஆகவே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும் குடும்பம் எதைப் பார்க்க வேண்டும்? செவிலியர், மருத்துவச்சியர் மன்றத்தில் பதிவு இருக்கிறதா என்பது முதல் படி. இல்லையென்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது ஆகியவை இருந்தால் மகப்பேறு மருத்துவரே தலைமை ஏற்க வேண்டும். அங்கேயும் மருத்துவச்சி கூட இருப்பது நல்லது. மற்றவர்கள் அவரிடம் கேட்க வேண்டியது, அவர் எவ்வளவு அன்பானவர் என்பதையல்ல. எந்த நிலையில் என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள், அந்த டாக்டர் யார், அங்கே போய்ச் சேர எத்தனை நிமிடம், குழந்தை அழவில்லை என்றால் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள், ரத்தப்போக்கை எப்படி அளப்பீர்கள், நீங்கள் அன்றைக்கு வர முடியாவிட்டால் வருபவரை எனக்கு முன்பே தெரிந்திருக்குமா? நல்ல மருத்துவச்சி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எண்களோடும் பெயர்களோடும் பதில் சொல்வார். எல்லாம் நல்லபடியாக நடக்கும், பயப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது. பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கையில் இல்லை என்பதும் தெரிந்ததே. ஆனாலும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போகும்போது, அரசு நிலையமோ தனியாரோ, இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்தால் பக்கத்தில் இருக்கப் போவது யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால், அவரைப் பகலிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.